வீடு இல்லாத பாத்திரங்கள்

எங்கள் பெரியப்பா ஒரே நாளில் இரண்டு சேனல்களில் வந்தார். ஆழியாற்றுத் தண்ணீர் சரியாக வராத ஒரு மாசி மாதம் அது. கால்வாய் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காலையில் ஒரு மலையாளச் சேனலிலிருந்து வந்தார்கள். மத்தியானம் சோறு உண்ணும் நேரத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து தமிழ்ச் சேனல்காரர்கள் வந்தார்கள். இரண்டு கூட்டமும் அவரைக் கால்வாய்க்குள் இறங்கி நிற்கச் சொன்னது. ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்டது. அவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "வெள்ளம் வந்து பதினெட்டு நாள் ஆச்சுங்க. தென்னம்பிள்ளை எல்லாம் வாடுது."

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். மலையாளத்திலிருந்து வந்து எங்கள் தமிழில் குடியேறிவிட்ட சொல். தமிழ்ச் சேனல் பையன் காய்ந்த கால்வாயையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெள்ளமுங்களா?" என்று கேட்டான். பெரியப்பா பொறுமையாகத் 'தண்ணி' என்று மாற்றி இன்னொரு தடவை சொன்னார்.

சாயங்காலம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மலையாளச் செய்தியில் பெரியப்பா பெயருக்குக் கீழே 'தமிழ் கர்ஷகன்', அதாவது தமிழ் விவசாயி, என்று வந்தது. அப்புறம் எட்டு மணித் தமிழ்ச் செய்தியில் அதே பெயருக்குக் கீழே 'கேரள விவசாயி' என்று வந்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "ஏங்கண்ணு, ரெண்டு பேருமே என்னைய அந்தப் பக்கத்து ஆளாக்கிப் போட்டாங்களே" என்றார்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். நான் இங்கே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. அதன்படி சித்தூர்ப் பக்கத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு வழியாக வர வேண்டும். இந்தக் கணக்கு பெரியப்பாவுக்குத் தன் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாகத் தெரியும். அதை இரண்டு சேனல்களிடமும் சொன்னார். இரண்டிலும் வெட்டிவிட்டார்கள்.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது பெயர்ப்பட்டையைவிட வேறொன்று என்னை உறுத்தியது. கால்வாயிலிருந்து பெரியப்பா வீடு இருபது எட்டுத்தான். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பக்கவாட்டில் மாட்டுக் கொட்டகை. உள்ளே சுவரில் பழநி முருகன் காலண்டர் ஒரு பக்கம், குருவாயூரப்பன் படம் ஒரு பக்கம். பெரியம்மா இரண்டு கூட்டத்துக்கும் மோர் கொடுத்தார்கள். குடித்தார்கள். ஆனால் கேமராவை ஒரு தடவைகூட வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. வீட்டைக் காட்டியிருந்தால் பார்க்கிறவர்களுக்கு அவர் எந்தப் பக்கத்து ஆள் என்ற கேள்வியே வந்திருக்காது. அவர் அங்கே இருக்கிறவர், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கதை, சினிமா, செய்தி எதைப் பார்த்தாலும் எனக்கு இந்த ஒன்றைத் தேடுகிற பழக்கம் வந்துவிட்டது. வெளியாள் என்று ஒருவரைக் காட்டும்போது அவருக்கு வீடு கொடுத்திருக்கிறார்களா? அவர் எங்கே படுக்கிறார், யார் அவருக்காகச் சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா? பெரும்பாலும் இருக்காது.

நான் வளர்ந்த காலத்து மலையாள நகைச்சுவைப் படங்களில் தமிழர்கள் நிறைய வருவார்கள். பிக்பாக்கெட் அடிப்பவர், பழைய சாமான் பொறுக்குபவர், அருவாளோடு துரத்துபவர், வட்டிக்காரரின் அடியாள், லாரி ஓட்டுபவர். தெருவில் வருவார்கள், ஒரு கலவரம் செய்வார்கள், தெருவிலேயே மறைந்துவிடுவார்கள். எங்கள் அம்மாவுக்கு அந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தமிழரை இளக்காரமாகப் 'பாண்டி' என்று யாராவது வசனம் பேசும்போது மட்டும் அம்மாவின் கை நிற்கும். வாய் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். விரல் அந்த வெங்காயத்தின் மேலேயே நிற்கும். அடுத்த வசனத்துக்கு மறுபடி உரிக்க ஆரம்பிப்பார்கள்.

பாண்டி என்றால் பாண்டிய நாடு. மலைக்குக் கிழக்கே இருக்கும் சீமைக்குப் பழைய மலையாளத்தில் இருந்த பெயர். அதில் வசவு எதுவும் இல்லை. நான் பட்டப்படிப்பு படித்தது திருச்சூரில். பூரத்தன்று வடக்குநாதன் கோயிலில் இலஞ்சித்தறை மேளம் நடக்கும். அங்கே கொட்டுவது பாண்டி மேளம். ஆயிரக்கணக்கான பேர் கையைத் தூக்கித் தாளம் போடுவார்கள். நானும் தூக்கினேன், மயிர்க்கூச்செறிந்தது. அன்று ராத்திரி விடுதி திரும்பியபோது மேல்மாடியிலிருந்து ஒரு குரல்: "பாண்டி வந்நோ?" மத்தியானம் அவ்வளவு பேர் தலைக்குமேல் கை வைத்துக் கொண்டாடிய அதே சொல்.

அப்புறம் முதுகலைக்குக் கோயம்புத்தூர் போனேன். தமிழ் படிக்கத்தான் போனேன். முதல் வாரமே எனக்கு அங்கே பெயர் 'சேச்சி'. நான் தேங்காய் எண்ணெய் வைத்தால் அதற்கு ஒரு பேச்சு, 'வெள்ளம்' என்று வாய் தவறினால் அதற்கு ஒரு சிரிப்பு. அறைத்தோழி ஒருத்தி நல்லவள்தான், ஒரு நாள் விளக்கை அணைத்த பிறகு ரகசியமாக, "உங்க ஊர்ல செய்வினை எடுக்கறவங்க யாரையாச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். அவள் பார்த்த தமிழ்ப் படங்களில் கேரளம் என்றால் மாந்திரீகம், நாயர் டீக்கடை, முண்டு உடுத்தி ஈரத் தலையோடு நிற்கும் பெண். அந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் பாட்டுக்கும் ஏக்கத்துக்கும் மட்டும் வருவாள். அவளுக்கு ஓர் அண்ணன் உண்டா, வேலை உண்டா, மாசக் கடைசியில் கையில் காசு இருக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை. பேருந்தில் நான் மலையாளத்தில் போன் பேசி முடித்தால் பக்கத்து இருக்கை ஆண்களின் பார்வை மாறுவதைப் பல தடவை உணர்ந்திருக்கிறேன். அந்தப் பார்வைக்குப் பின்னால் திரையரங்கு இருக்கிறது. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். டீக்கடை நாயரும் அப்படித்தான். நூறு படங்களில் டீ ஆற்றியிருக்கிறார். கடையைச் சாத்திவிட்டு எங்கே போகிறார் என்று ஒரு படம்கூட அவர் பின்னால் போய்ப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

தேசம் என்ற பெரிய படத்திலும் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் கிடைத்ததில்லை. 1988 சுதந்திர தினத்தன்று தூர்தர்ஷனில் பல மொழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் 'மிலே சுர் மேரா தும்ஹாரா' என்ற ஒருமைப்பாட்டுப் பாட்டை முதன்முதலாக ஒளிபரப்பினார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. ரொம்பப் பிடித்த பாட்டு, இன்றும் கேட்டால் தொண்டை அடைக்கும். தமிழ் வரிக்குப் பாலமுரளிகிருஷ்ணா, மலையாள வரிக்கு யானை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மண், ஓர் உடுப்பு. ஒரு வாக்கியத்திலேயே இரண்டு மொழி பேசும் எங்கள் வீட்டார் எந்த வரிக்கு எழுந்து நிற்பது என்று அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டுக்கும் நில்லு" என்றார்.

எல்லை என்பதே எங்கள் ஊரில் தலைகீழாகக் கிடந்த ஒன்று. 1956 நவம்பர் 1 வரைக்கும் பாலக்காடு மலபார் மாவட்டத்தில் இருந்தது; அதாவது மதராஸ் மாநிலம். கோயம்புத்தூருக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்தூரோ கொச்சி ராஜ்ஜியம், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. எங்கள் தாத்தா காலத்தில் மேற்கே பாலக்காட்டுச் சந்தைக்குப் போனால் மதராஸுக்குப் போனதாக அர்த்தம். கிழக்கே கோயம்புத்தூர் போனாலும் மதராஸ்தான். மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் மதராஸுக்குப் போயின. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் எல்லாம் கேரளத்தில் நின்றன. தாத்தா வீட்டை விட்டு ஓர் அடி நகரவில்லை. அவருக்கு வெளியாள் என்ற பெயர் மட்டும் வந்தது. இத்தனைக்கும், மலையாளத்துக்குத் தந்தை என்று போற்றப்படும் எழுத்தச்சனே கடைசிக் காலத்தில் வேற்றூரிலிருந்து வந்து தங்கியது எங்கள் சித்தூர் ஆற்றங்கரையில்தான். அவரை யாரும் எந்த ஊர் என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

பள்ளியில் சிலப்பதிகாரம் நடத்தும்போது கொலைக்களக் காதைக்கு நான் ஒதுக்கும் நேரம் அதிகம். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியாட்கள். புகாரிலிருந்து நடந்தே வந்தவர்கள். கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்ற இடைக்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். மாதரி அவர்களுக்குச் செம்மண் பூசிய ஒரு சின்ன வீட்டைக் கொடுக்கிறாள். சமைக்கப் பாத்திரமும் காயும் கொடுக்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. கண்ணகி காய் நறுக்குகிறாள், விரல் சிவக்கிறது. அடுப்பு அனலில் முகம் வியர்க்கிறது. மாதரியின் மகள் ஐயை கூடமாட நிற்கிறாள். பனையோலைத் தடுக்கில் கோவலனை உட்கார வைத்து, குமரி வாழையின் குருத்தை விரித்துச் சோறு போடுகிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகப் போகிறவனுக்கு இத்தனை வரிகளில் ஒரு மத்தியானச் சாப்பாடு.

அதே காதையில்தான் பொற்கொல்லன் வருகிறான். காவலர்களுக்கு, இந்த ஆளைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்று தோன்றுகிறது. பொற்கொல்லன் விடுவதில்லை. கள்வர் மந்திரம் வைத்திருப்பார்கள், மருந்து வைத்திருப்பார்கள், தந்திரம் தெரியும், காலமும் இடமும் பார்ப்பார்கள் என்று எட்டு வகைச் சாதனங்களை அடுக்கி ஒரு பிரசங்கமே செய்கிறான். கண் முன்னால் நிற்கும் மனிதனைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 'திருடர்கள்' என்ற கூட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு முரடன் வாளை ஓங்கிவிடுகிறான். நான் இதை நடத்தும்போதெல்லாம் ராத்திரி ஒன்பது மணி விவாத நிகழ்ச்சிகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ஒரு மனிதனைப் பார்க்க விடாமல் செய்ய அவன் எந்தக் கூட்டம் என்று பேசிக்கொண்டே இருந்தால் போதும்.

இளங்கோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். முதலில் சமையல், அப்புறம் பிரசங்கம். கண்ணகி நறுக்கிய காயை நாம் பார்த்துவிட்டதால் பொற்கொல்லன் சொல்வதை நம்மால் நம்ப முடிவதில்லை. மாதரி ஒரு வீடு கொடுத்தாள்; அந்த வீட்டைச் சேர நாட்டுப் புலவர் பாட்டில் வைத்தார். கண்ணகிக்கு வண்ணாத்திப்பாறையில் ஒரு கோயில் இருக்கிறது. தேனிக்கும் இடுக்கிக்கும் நடுவில், மலை உச்சியில். ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று, இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் போலீஸும் காவல் நிற்க ஜனங்களை விடுவார்கள். கோயில் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஒரு தடவை அம்மாவோடு போயிருக்கிறேன். கீழே ஒரு பக்கம் கூடலூர், மறுபக்கம் பெரியார்க் காடு. அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இவளையும் விடலையா" என்று மட்டும் சொன்னார்கள்.

இனிச் சொல்லப்போவதை எழுதக் கை நடுங்குகிறது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு அருகே ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போய்விட்டார்கள். செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. மறுநாள் சாயங்காலம் கரிப்பூரில் விமானம் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்தது. அதுவும் பெரிய துயரம், அந்த மழையில் கொரோனா பயத்தையும் மறந்து ஓடிப்போய் ஆட்களைத் தூக்கிய ஊர்க்காரர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த ஒரு வாரம் டிவி பார்த்தவர்களுக்குத் தெரியும், எது எவ்வளவு நேரம் ஓடியது என்று. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். ஏன் என்று கேரளத்திலேயே பலர் கேட்டார்கள். மலையாளிகள்தான் கேட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

விமானத்தில் போனவர்களின் வீடுகளை நாங்கள் டிவியில் பார்த்தோம். வாசலில் கட்டிய வரவேற்பு, புதுப் பெயிண்ட் அடித்த அறை, காத்திருந்த குழந்தை. பார்த்து அழுதோம். பெட்டிமுடியில் காட்டுவதற்கு வீடே இல்லை, மண் மூடிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, மண் மூடுவதற்கு முன்னால் இருந்ததையும் யாரும் வீடு என்று எண்ணியதில்லை. லயம் என்றால் கம்பெனிக் கட்டடம். ஒரு வரிசை அறைகள். வேலை முடிந்தால் ஒழித்துக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். இறந்தவர்களில் பலருடைய வேர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு என்பதால் 'தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலாளர்கள்' என்றே பல செய்திகளில் வந்தது. தலைமுறை தலைமுறையாக மூணாற்றில் பிறந்து, மூணாற்றில் ஓட்டுப் போட்டு, மூணாற்று மண்ணுக்குள்ளேயே போனவர்கள் அவர்கள். தமிழ்ச் சேனல்கள் மட்டும் என்ன செய்தன? 'கேரளாவில் தமிழர்கள் பலி' என்று போட்டன. அவர்கள் உயிரோடு இருந்தபோது அந்த லயத்தின் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு கேமரா போனதா?

அந்தச் செய்திகளில் எல்லோர் மனதிலும் நின்றது ஒரு நாயின் கதை. குவி என்று பெயர். தன்னோடு விளையாடிய குழந்தையைத் தேடி நாள்கணக்கில் ஆற்றோரம் அலைந்து, கடைசியில் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது. அந்த ஒரு கதையில்தான் யார் யாரோடு விளையாடினார்கள், யார் யாருக்குச் சோறு வைத்தார்கள் என்பது இருந்தது. அதில்தான் பெட்டிமுடியில் வீடு இருந்தது தெரிந்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 2015 செப்டம்பரில், அதே மூணாற்றில் தேயிலைப் பெண்கள் 20 சதவீத போனஸும் கூலி உயர்வும் கேட்டு ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாது. தொழிற்சங்கத் தலைவர்களை விலகி நிற்கச் சொன்ன அந்தப் பெண்களைப் பார்த்துப் பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. தேயிலைத் தோட்டம் என்றால் சுற்றுலாப் படத்தில் முதுகில் கூடையோடு சிரிக்கும் பெண் என்றுதான் அதுவரை பழக்கம். அவள் மைக்கைப் பிடித்து வீட்டுச் செலவுக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்ததும் படம் மாறிவிட்டது.

மாற்றிக் காட்ட முடியாததல்ல இது. ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' 1969இல் புத்தகமாக வந்தது. எங்கள் பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்தைப் பார்த்து எழுதியது. அதில் ராவுத்தர்கள் இருக்கிறார்கள், பள்ளிவாசல் இருக்கிறது, முல்லா இருக்கிறார். இந்த ராவுத்தர்களின் வீட்டுப் பேச்சில் தமிழ் கலந்தது. மலையாளத்தின் மிகப் பெரிய நாவல்களில் ஒன்றில் அவர்கள் ஊர்க்காரர்களாகவே வருகிறார்கள். வெளியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் மலையாளி வாத்தியார் ரவி. யூமா வாசுகியின் தமிழ் மொழிபெயர்ப்பில் அதைப் படித்தபோது, எங்கள் ஊர்க் காற்றை வேறொருவர் வீட்டு ஜன்னலிலிருந்து வாங்கியது போல இருந்தது.

2023 ஜனவரியில் திரையரங்குக்கு வந்த 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தை அம்மாவோடு பார்த்தேன். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிக் கூட்டத்தில் ஒருவர் மத்தியானத் தூக்கத்திலிருந்து விழித்து, பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறார். யாருடைய வீட்டுக்குள்ளோ தன் வீடு போல நுழைகிறார். காணாமல்போன சுந்தரமாகவே ஆகித் தமிழ் பேசுகிறார். மம்மூட்டி அந்த வாசலைத் தாண்டியபோது அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். எனக்கு அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு, சுந்தரத்தின் மனைவி இன்னும் கொஞ்சம் பேசியிருக்க வேண்டும். ஆனாலும் எத்தனையோ ஆண்டுகள் கழித்து ஒரு மலையாளப் படம் தமிழ் வீட்டின் உள்ளே போய் உட்கார்ந்து, அந்த வீட்டின் டிவிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டது. வெளியே வந்ததும் அம்மா சொன்னது: "அவன் வழி மறந்து வரலைடி. வழி ஞாபகம் வந்துதான் இறங்குனான்."

எம்.ஜி.ஆரின் தாய் சத்யபாமாவுக்கு ஊர் எங்கள் பக்கத்து வடவன்னூர். அரசியலில் அவரை மலையாளி என்று எத்தனையோ பேர் தாக்கினார்கள், தமிழ் ஜனம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன். திரையில் அவருக்கு எப்போதும் ஒரு தாய் இருந்தாள், ஒரு குடிசை இருந்தது, கூப்பிட்டுச் சோறு போட ஆள் இருந்தது. அந்த வீட்டிலிருந்து அவரை யாராலும் வெளியேற்ற முடியவில்லை.

இப்போது முறை மாறிவிட்டது. எங்கள் பக்கத்து நார் மில்களிலும் முதலமடை மாந்தோப்புகளிலும் ஜார்க்கண்டு, ஒடிசா, அசாம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். கேரள அரசு 'அதிதி தொழிலாளி' என்று மரியாதையாகச் சொல்கிறது. விருந்தாளி என்பதும் என்றைக்காவது கிளம்ப வேண்டியவர் என்றுதானே ஆகிறது. தெருவில் எல்லோருக்கும் ஒரே பெயர், 'பெங்காளி'. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் 'வடக்கன்'. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிப்பதாகப் பொய் வீடியோக்களைப் பரப்பினார்கள். பயந்துபோய் ரயிலேறியவர்கள் உண்டு. பொய்யைப் பரப்பியவர்கள் வேறு ஊர்க்காரர்கள். ஆனால் அந்தச் சமயத்தில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்த பேச்சு எனக்கு இன்னும் வலிக்கிறது. பாண்டி என்ற சொல்லுக்கு விரல் நின்றவர்கள் வளர்த்த பிள்ளைகள்தான் அப்படிப் பேசினார்கள்.

போன வருஷம் ஆறாம் வகுப்பில் 'வெளியூர்க்காரர் ஒருவர்' என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் பெங்காளியைப் பற்றி எழுதியிருந்தார்கள். காதில் ஹெட்போன், வாயில் பாக்கு, சாக்குப் பை. டிவியில் பார்த்தது பாதி, பெரியவர்கள் சொன்னது பாதி. ஒருவர்கூட அந்த ஆள் எங்கே தூங்குகிறார் என்று எழுதவில்லை. வகுப்பில் ஜார்க்கண்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். அப்பா அம்மா இரண்டு பேரும் நார் மில்லில் வேலை. இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறவன், பேச்சில் எங்களைவிட அவனுக்குத்தான் 'ங்க' அதிகம். அவன் எழுதியிருந்தது: "வெளியூர்க்காரர் எங்க டீச்சர். அவங்க காலைல பஸ்ல வருவாங்க. சாயங்காலம் பஸ்ல போயிடுவாங்க." அந்தத் தாளை நான் திருத்தவில்லை. முழு மதிப்பெண் போட்டு என் மேஜை கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அதைக் கேள்விப்பட்டு உள்ளூர் மலையாளப் பத்திரிகை நிருபர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷர். அதிதித் தொழிலாளியின் மகன் தமிழ் படிக்கிறான் என்று அரைப்பக்கக் கட்டுரை போடலாம் என்றார். பையனை நார் மில் வாசலில், நார்க் குவியலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். எனக்குக் கால்வாயில் நின்ற பெரியப்பா ஞாபகம் வந்தது. "சார், கொஞ்சம் இருங்க" என்றேன். அதற்குள் அவர் நோட்டைத் திறந்து பையனிடம் குனிந்து கேட்டுவிட்டார்: "மோன்றெ நாடு எவிடயா?" உனக்குச் சொந்த ஊர் எங்கே என்று.

பையன் யோசிக்கவே இல்லை. "மில்லுக்குப் பின்னாடிங்க சார். நீல தார்ப்பாய் போட்டிருக்குது பாருங்க, அதுக்கு அடுத்ததுங்க. அம்மா இருக்காங்க, வாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நார்த் தூசுக்குள் முன்னால் ஓடினான்.